சாலையை மாற்றியமைக்கும்போது மக்களிடம் கேட்பதில் நேரும் தவறுகள்

நகரச் சாலை ஒன்றை மறுவடிவமைக்கும் திட்ட அறிக்கை எதை எடுத்துப் பார்த்தாலும் ‘பொதுமக்களின் கருத்து கேட்கப்பட்டது’ என்ற வரி அதில் தவறாமல் இருக்கும். அப்படியிருந்தும், வேலை தொடங்கிய வாரத்திலேயே கடைக்காரர்கள் மறியலில் இறங்குகிறார்கள். புதிதாகப் போட்ட நடைபாதையில் வண்டிகள் ஏறி நிற்கின்றன. சில இடங்களில் செலவழித்துப் போட்ட சைக்கிள் பாதையை மீண்டும் செலவழித்தே பெயர்த்தெடுக்கிறார்கள். இத்திட்டங்களில் பெரும்பாலானவற்றில் மக்களிடம் கேட்கத்தான் செய்தார்கள். எப்போது, யாரிடம், எதைப் பற்றிக் கேட்டார்கள் என்பதில்தான் கோளாறு.

முதல் தவறு, வரைபடம் முடிந்த பிறகு கூட்டம் கூட்டுவது. ஆலோசகர் நிறுவனம் மாதக்கணக்கில் உழைத்து, வண்ணப் படங்களுடன் ஒரே ஒரு வடிவத்தைத் திரையில் காட்டும்போது, வந்திருப்பவர்கள் செய்யக்கூடியது ஆதரிப்பது அல்லது எதிர்ப்பது மட்டுமே. 1969-ஆம் ஆண்டு ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வகுத்தபோது, தகவல் சொல்வதையும் கருத்துக் கேட்பதையும் அந்த ஏணியின் நடுப்படிகளில் வைத்து, முடிவெடுப்பதில் பங்கு கிடைக்காதவரை அவை பெயரளவுப் பங்கேற்பே என்று மதிப்பிட்டார். சாலைத் திட்டங்கள் பெரும்பாலும் இந்தப் படிகளைத் தாண்டுவதில்லை. முதல் கூட்டம் வடிவத்தைப் பற்றியதாக இல்லாமல் சிக்கல்களைப் பற்றியதாக இருந்தால் நிலைமை மாறும். எந்த இடத்தில் தண்ணீர் தேங்குகிறது, எந்தத் திருப்பத்தில் அடிக்கடி அடிபடுகிறார்கள், பேருந்துக்கு மக்கள் உண்மையில் எங்கே நிற்கிறார்கள் என்பதெல்லாம் அங்கே நாள்தோறும் நடமாடுகிறவர்களுக்குத் தெரியும். அளவை வரைபடத்தில் இருக்காது.

இதை ஒட்டியே இன்னொரு தவறு வருகிறது: எது மாறக்கூடியது, எது மாறாதது என்பதைச் சொல்லாமல் விடுவது. நிலத்தடிக் குழாய்களின் இருப்பிடம், பேருந்து திரும்பத் தேவையான இடம், சட்டம் வகுத்த குறைந்தபட்ச நடைபாதை அகலம் போன்றவை விவாதத்துக்கு உரியவை அல்ல. மரங்கள் எங்கே, சரக்கு இறக்கும் நேரம் எது, வாகன நிறுத்தம் எந்தப் பக்கம் என்பவை விவாதத்துக்கு உரியவை. இந்த இரண்டையும் முதல் நாளே பிரித்து எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ‘என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்’ என்று தொடங்கி, கடைசியில் ‘அது முடியாது’ என்று கைவிரிப்பதைப் போல நம்பிக்கையைக் கெடுப்பது வேறொன்றுமில்லை.

கூட்டத்துக்கு வருகிறவர்கள் மட்டுமே சாலை அல்ல

எல்லாவற்றிலும் ஆழமாக வேரோடிய தவறு இதுதான் என்பது என் எண்ணம். மாலை ஆறு மணிக்கு ஓர் அரங்கில் நடக்கும் கூட்டத்துக்குச் சொந்த வீடு உள்ளவர்களும், சங்கம் வைத்திருக்கும் வணிகர்களும், ஓய்வுபெற்றவர்களும் வருவார்கள். அதே நேரத்தில் தெருவோர வியாபாரி கடையை விட்டு நகர முடியாது. பேருந்தில் வேலைக்குப் போய் வருகிறவர் நெரிசலில் மாட்டியிருப்பார். பள்ளி மாணவர்களை யாரும் அழைத்திருக்க மாட்டார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு அரங்க வாசலின் மூன்று படிகளே தடையாகிவிடும். அந்தச் சாலையை அதிகம் பயன்படுத்துகிறவர்கள் இல்லாமலேயே அதன் எதிர்காலம் பேசி முடிக்கப்படும்.

ஆகவே, ஆட்களை அரங்குக்கு அழைப்பதை விட, கேள்விகளைச் சாலைக்குக் கொண்டுபோவதே மேல். பேருந்து நிறுத்தத்தில் ஒரு மேசை போட்டு வெவ்வேறு நேரங்களில் பேசலாம். பள்ளி விடும் வேளையில் வாசலில் நிற்கலாம். பார்வையற்ற ஒருவரோடும், குழந்தையைத் தூக்கி வரும் ஒரு பெண்ணோடும், முதியவர் ஒருவரோடும் சாலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அளவு நாடாவுடன் நடந்து பார்க்கலாம். திட்டத் தாளில் இரண்டு மீட்டர் என்றிருக்கும் நடைபாதையில் மின்கம்பமும் மின் இணைப்புப் பெட்டியும் போக நடக்கக் கிடைப்பது எழுபது சென்டிமீட்டர்தான் என்பது இப்படி நடக்கும்போதுதான் தெரியவரும். கடக்கும் இடங்களிலும் இதே கதைதான். சிக்னல் நேரம் கணக்கிடும்போது, நடப்பவர் நொடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று வைத்துக்கொள்வது பரவலான வழக்கம். அந்தக் கணக்கில் 14 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க 12 நொடி போதும். கைத்தடி ஊன்றி நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் ஒருவருக்கு 17 நொடிக்கு மேல் ஆகும். அவர் கூட்டத்துக்கு வந்து இதைச் சொல்லப் போவதில்லை. பாதிச் சாலையில் நின்றுவிடுவார்.

வந்தவர்கள் சொல்வதைச் சரிபார்க்காமல் அப்படியே எழுதிக்கொள்வதும் தவறே. ‘வண்டி நிறுத்த இடம் குறைந்தால் வியாபாரம் படுத்துவிடும்’ என்ற அச்சம் அநேகமாக எல்லா ஊர் வணிகர்களிடமும் உண்டு. அது பொய்யல்ல, ஆனால் ஊகம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 2006-இல் ஓர் ஆய்வு நடத்தினார்கள். தங்கள் வாடிக்கையாளர்களில் 41 சதவீதத்தினர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் மதிப்பிட்டார்கள்; வாடிக்கையாளர்களையே கேட்டபோது அது 22 சதவீதமாக இருந்தது. எல்லா ஊரிலும் இதே விடைதான் வரும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் அந்தந்தச் சாலையில் எண்ணிப் பார்க்க வேண்டும், எண்ணும் வேலையில் வணிகர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். அதிகாரி கொண்டுவந்து நீட்டும் புள்ளிவிவரத்தை நம்பாத கடைக்காரர், தானே வாசலில் நின்று குறித்த எண்ணை மறுக்க மாட்டார். சரக்கு வண்டி நிற்க இடம் வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் வேறு வகை. அது பெரும்பாலும் நியாயமானது. அதை வாடிக்கையாளர் வண்டி நிறுத்தத்தோடு சேர்த்துக் குழப்பக் கூடாது.

வரைபட மொழியும் ஒத்திகையும்

சாலையை அகலவாக்கில் வெட்டிக் காட்டும் குறுக்குவெட்டுப் படத்தைப் பொறியாளர் படிப்பதுபோல் மற்றவர்கள் படிக்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக, 18 மீட்டர் அகலச் சாலையைக் குறிக்கும் ஒரு தாளையும், அதே அளவுகோலில் வெட்டிய காகிதப் பட்டைகளையும் கையில் கொடுத்துவிடலாம். இரு பக்கமும் இரண்டரை மீட்டர் நடைபாதை, நடுவில் மூன்றரை மீட்டரில் இரண்டு தடங்கள் என்று வைத்தால் மிஞ்சுவது ஆறு மீட்டர். அதில் இரு பக்கமும் இரண்டு மீட்டர் சைக்கிள் பாதை வைத்தால், வண்டி நிறுத்தம் ஒரு பக்கம்தான் அமையும். எல்லாவற்றையும் ஒன்றாக நுழைக்க முடியாது என்பதை மேடையிலிருந்து சொல்லும்போது வாக்குவாதம் மூள்கிறது. பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடும்போது பேரம் தொடங்குகிறது.

நிரந்தரமாகக் கட்டும் முன் மாற்றத்தைத் தற்காலிகமாக, ஒத்திகையாகச் செய்து பார்ப்பது நல்ல முறை; அதிலும் தவறுகள் உண்டு. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 2009 மே மாதம் பிராட்வே சாலையின் ஒரு பகுதியில் வாகனப் போக்குவரத்தைத் தடைசெய்து, சாயமும் தடுப்புகளும் மலிவான நாற்காலிகளும் வைத்தார்கள். வாடகைக் கார்களின் ஜிபிஎஸ் பதிவுகள் உள்ளிட்ட அளவீடுகளைப் பார்த்துவிட்டு, 2010 பிப்ரவரியில்தான் அதை நிரந்தரமாக்க முடிவெடுத்தார்கள். இதைப் பின்பற்றுகிறவர்கள் நாற்காலியைப் பார்க்கிறார்கள், அளவீட்டைக் கவனிப்பதில்லை. மாற்றத்துக்கு முன்பு எத்தனை பேர் நடந்தார்கள், பேருந்து எவ்வளவு நேரம் எடுத்தது, எத்தனை விபத்துகள் நேர்ந்தன என்று பதிவு செய்யாமல் தொடங்கும் ஒத்திகை, முடியும்போது இரு தரப்பும் தமக்குத் தோன்றியதைச் சொல்லும் சண்டையாகவே முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் நடத்தும் ஒத்திகை வார நாள் நெரிசலைப் பற்றி எதையும் சொல்லாது. தோல்வி என்று எதைக் கொள்வோம் என்பதையும் முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும்.

முடிவெடுத்த பிறகு

மாற்று இடம் தருவதாகச் சொல்லித் தெருவோர வியாபாரிகளை அகற்றும்போது, அந்த இடம் எத்தனை ஆண்டுக்கு என்பதை எழுத்தில் தராமல் விடுவது பெருந்தவறு. சியோல் நகரில் 2003 முதல் 2005 வரை மேம்பாலச் சாலையை இடித்து சொங்க்யேசொன் ஓடையை மீட்டபோது, அங்கிருந்த வியாபாரிகள் பலர் தொங்தெமுன் விளையாட்டரங்கத்துக்கு மாற்றப்பட்டார்கள். பின்னர் வேறொரு திட்டத்துக்காக அந்த அரங்கமே இடிக்கப்பட்டதால், அவர்கள் மீண்டும் பெயர வேண்டியதாயிற்று. ஓடை மீட்பு உலகெங்கும் பாராட்டப்பட்டது உண்மை. அந்தப் பாராட்டில் இவர்கள் கதை அரிதாகவே இடம்பெறுகிறது.

கருத்துச் சொன்னவர்களுக்குப் பதில் எழுதாமல் விடுவதைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. எந்தக் கருத்து ஏற்கப்பட்டது, எது ஏற்கப்படவில்லை, ஏன் என்பதை இரண்டு பக்கத்தில் அச்சிட்டுக் கடைகளிலும் நிறுத்தங்களிலும் ஒட்டினால் போதும்.

கட்டுமானக் காலத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது கடைசித் தவறு. வடிவத்தைப் பற்றி ஆறு கூட்டம் நடத்துகிறவர்கள், எந்தப் பகுதியை எப்போது தோண்டுவார்கள், கடை வாசலுக்குப் போகக் குழியின் மேல் பலகை போடுவது யார் பொறுப்பு, குழி மூடத் தாமதமானால் எந்த எண்ணை அழைப்பது என்பதற்கு ஒரு கூட்டமும் நடத்துவதில்லை. கலந்தாலோசனைக்கு அமைத்த குழுவை வேலை தொடங்கியதும் கலைக்காமல், பணி முடிந்து ஓராண்டு வரை வைத்திருந்து, முன்பு எண்ணிய அதே இடங்களில் அதே நேரங்களில் மறுபடியும் எண்ணச் செய்து, திருத்தங்களுக்கென ஒரு தொகையை மதிப்பீட்டிலேயே ஒதுக்கிவிட வேண்டும்.