கிரீக் மக்களின் தாயகத்தை வரைபடத்தில் தேடும்போது வரும் தவறுகள்

அமெரிக்கப் பழங்குடியினரான கிரீக் மக்கள் என்றதும் பலரும் ஓக்லஹோமா மாநிலத்தைக் காட்டுவார்கள். மஸ்கோகி தேசம் என்ற அவர்களுடைய அரசின் தலைநகரம் இன்று அங்கேதான் இருக்கிறது, சரி. ஆனால் பெரும்பாலானவர்கள் அங்கே போனது 1830-களில், ராணுவத்தை வைத்து விரட்டப்பட்ட பிறகு. அவர்களுடைய தாய்மண் இன்றைய அலபாமாவும் ஜார்ஜியாவும்.

அடுத்த தவறு இங்கேயே ஆரம்பிக்கிறது. மாநில எல்லையை வைத்து 'ஜார்ஜியா கிரீக்', 'அலபாமா கிரீக்' என்று பிரித்துவிடுகிறோம். இன்று அந்த இரண்டு மாநிலங்களுக்கும் நடுவே சாட்டஹூச்சி ஆறு நெடுந்தூரம் எல்லையாக ஓடுகிறது. அன்று அதன் மேற்குக் கரையில் கொவீட்டா, கிழக்குக் கரையில் கசீட்டா என்று கிரீக்குகளின் இரண்டு பெரிய ஊர்கள் இருந்தன. ஆறு அவர்களைப் பிரிக்கவில்லை. வெள்ளம் கொண்டுவந்த வண்டல் படிந்த இரு கரைகளிலும் சோளமும் பீன்ஸும் பூசணியும் விளைந்தன. ஆகவே மாநிலக் கோடுகளை அழித்துவிட்டு ஆறுகளை மட்டும் வைத்துப் பாருங்கள். ஊர்கள் ஏன் அந்தந்த இடத்தில் இருந்தன என்பது அப்போதுதான் பிடிபடும்.

'மேல் கிரீக்', 'கீழ் கிரீக்' என்ற பெயர்களும் ஆளைக் குழப்பும். ஒரே ஆற்றின் மேல்பகுதி, கீழ்பகுதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இவை வெவ்வேறு ஆற்றுப் படுகைகள். மேல் கிரீக் ஊர்கள் கூசா, டல்லபூசா ஆறுகளை ஒட்டியவை. இந்த இரண்டும் இன்றைய மான்ட்கோமரி நகருக்குச் சற்று வடக்கே கூடி அலபாமா ஆறாகின்றன. அந்தத் தண்ணீர் கடைசியில் மொபைல் விரிகுடாவில் போய்ச் சேருகிறது. கீழ் கிரீக் ஊர்கள் சாட்டஹூச்சி, ஃபிளின்ட் ஆறுகளின் பக்கம். அவை கூடி அப்பலாச்சிகோலா என்ற பெயரில் ஃபுளோரிடா வழியாகக் கடலுக்குப் போகின்றன.

இந்தப் பிரிவைக் கவனிக்காவிட்டால் 1814 மார்ச் 27 அன்று நடந்த குதிரைலாட வளைவுப் போரும் புரியாது. டல்லபூசா ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்ட ஒரு நிலத்துண்டு. நாலாவது பக்கத்தில், அமெரிக்கரை எதிர்த்த 'செங்கோல்' (Red Sticks, அதாவது சிவப்புக் கோல்) அணியைச் சேர்ந்த மேல் கிரீக் வீரர்கள் மரக்கட்டைகளால் அரண் எழுப்பியிருந்தார்கள். ஆறு பின்னால் காக்கும் என்பது கணக்கு. அமெரிக்கப் படைத் தளபதி ஆண்ட்ரூ ஜாக்சனோடு வந்த, செரோக்கி என்ற வேறொரு பழங்குடியின் வீரர்கள் ஆற்றை நீந்திக் கடந்து, கரையில் நின்ற படகுகளைக் கைப்பற்றி, அவற்றிலேயே ஆட்களை ஏற்றி வந்து பின்பக்கம் தாக்கினார்கள். செங்கோல் வீரர்களில் 800 பேருக்கு மேல் இறந்தார்கள். 'வெள்ளையருக்கும் கிரீக்குகளுக்கும் நடந்த போர்' என்று இதைச் சுருக்குவது பெரிய பிழை. ஜாக்சன் பக்கம் கிரீக்குகளும் நின்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ஜாக்சன் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தம் 2 கோடி ஏக்கருக்கும் மேல் நிலத்தைப் பறித்தது. தனக்குத் துணை நின்ற கிரீக்குகளின் நிலத்தைக்கூட அவர் விடவில்லை. எனக்கு இந்த வரலாற்றிலேயே மன்னிக்க முடியாத இடம் இதுதான்.

அப்புறம், இன்றைய செயற்கைக்கோள் படத்தை அப்படியே நம்பிவிட வேண்டாம். டல்லபூசாவில் தெரியும் அகன்ற மார்ட்டின் ஏரி 1920-களில் கட்டிய அணையால் வந்தது. சாட்டஹூச்சியும் ஃபிளின்ட்டும் கூடும் இடமும் இப்போது செமினோல் நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது.

ஓக்மல்கி என்ற பெயர் இரண்டு இடங்களில் வரும். ஜார்ஜியாவின் மேக்கன் நகரருகே பழைய மண்மேடுகளும் ஆறும் உள்ள இடம் ஒன்று. அந்தப் பெயரைக் கூடவே கொண்டுபோய் ஓக்லஹோமாவில் வைத்த தலைநகரம் இன்னொன்று.

தாய்மண்ணில் இப்போது யாருமே இல்லை என்று எழுதுவதையும் விட்டுவிட வேண்டும். அலபாமாவின் தெற்கே அட்மோர் அருகே போர்ச் கிரீக் மக்கள் தொடர்ந்து வாழ்ந்துவருகிறார்கள். அமெரிக்க மத்திய அரசு 1984-இல் அவர்களைப் பழங்குடி அரசாக அங்கீகரித்தது.