பெர்லினில் இன்டர்ன்ஷிப்பா? ஒரு சனி, ஞாயிறை இப்படிச் செலவழித்துப் பாருங்கள்

பெர்லினுக்கு இன்டர்ன்ஷிப் வரும் நம்மூர் மாணவர்கள் முதல் சனிக்கிழமை செய்வது ஏறக்குறைய ஒன்றுதான். பிராண்டன்பர்க் வாசல் முன்னால் ஒரு செல்ஃபி, அலெக்சாண்டர்பிளாட்ஸ் டிவி கோபுரத்தடியில் ஒன்று, செக்பாயின்ட் சார்லி என்ற பழைய எல்லைச் சாவடியில் ஒன்று, அதற்குள் கால் வலி. நானும் அதையேதான் செய்தேன். இரவு வீடியோ காலில் "என்னப்பா பாத்த?" என்று அம்மா கேட்டபோது போட்டோக்களைத் தவிரச் சொல்ல எதுவும் இல்லை. அடுத்த வாரம் ஒரே ஒரு தெருவில் அரை நாள் நடந்தேன், அன்றைக்குச் சொல்லி மாளவில்லை. அதனால் இந்த ஊரைப் பத்து இடமாகப் பார்க்காமல் ஒரே கதையாகப் பாருங்கள். கதை எது என்று யோசிக்கவே வேண்டாம், 1961 முதல் 1989 வரை இந்த ஊரைக் கம்யூனிஸ்ட் கிழக்கு, மேற்கு என்று பிரித்து வைத்திருந்த சுவர்தான்.

முதலில் டிக்கெட். மெஷினில் வாங்கும் காகித டிக்கெட்டை பிளாட்பாரத்தில் இருக்கும் சின்னப் பெட்டியில் நுழைத்து முத்திரை குத்தாவிட்டால் அது டிக்கெட்டே இல்லை. இது தெரியாமல் கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டே 60 யூரோ அபராதம் கட்டியவன் நான். மாதக்கணக்கில் தங்குவதாக இருந்தால் டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுத்துவிடுங்கள், உள்ளூர் ரயில், பஸ், டிராம் எல்லாவற்றுக்கும் நாடு முழுக்கச் செல்லும். ஆனால் அது சந்தா. ஊருக்குக் கிளம்பும் மாதத்தின் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் போய்விடும். இன்னொன்று, ஞாயிறன்று கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், அதனால் பாலும் ரொட்டியும் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள்.

சனிக்கிழமை காலை எஸ்-பான் என்ற நகர ரயிலைப் பிடித்து நோர்ட்பான்ஹோஃப் நிலையத்தில் இறங்குங்கள். இறங்கியதும் மேலே ஏறிவிடாதீர்கள், நிலையத்துக்குள்ளேயே ஒரு சிறிய கண்காட்சி இருக்கிறது. நகரம் பிரிந்திருந்த காலத்தில் மேற்கு பெர்லின் ரயில்கள் சில கிழக்கு பெர்லினுக்கு அடியில் புகுந்து போகவேண்டியிருந்தது. இடையில் இருந்த நிலையங்களில் அவை நிற்காது. மங்கிய வெளிச்சத்தில், துப்பாக்கிக் காவலர்கள் மட்டும் நிற்கும் பிளாட்பாரங்களைப் பயணிகள் ஜன்னல் வழியே பார்த்தபடி கடந்தார்கள். பேய் நிலையங்கள் என்று பெயரே வந்துவிட்டது. நீங்கள் இப்போது இறங்கிய நிலையமும் அதில் ஒன்று.

மேலே வந்தால் பெர்னவர் தெரு. இங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும். இந்தத் தெருவின் ஒரு பக்கத்து வீடுகள் கிழக்கு பெர்லினைச் சேர்ந்தவை, அந்த வீடுகளின் வாசலில் இருக்கும் நடைபாதையோ மேற்கு. வாசற்படி தாண்டினால் வேறு ஆட்சி. 1961 ஆகஸ்ட் 13, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிழக்கு அரசு எல்லையை அடைத்தது. தெருப்பக்கக் கதவுகளைப் பூட்டியதும் மக்கள் ஜன்னல் வழியாக இறங்கினார்கள், குதித்தார்கள். ஆகஸ்ட் 22 அன்று ஈடா சீக்மன் என்ற பெண் மெத்தை தலையணைகளைக் கீழே போட்டுவிட்டு மேல்மாடியிலிருந்து குதித்து இறந்தார். மறுநாள் அவருக்கு 59 வயது ஆகியிருக்கும். சுவரால் உயிரிழந்தவர்களில் முதலாமவர் அவர். பிறகு ஜன்னல்களையும் செங்கல் வைத்து அடைத்தார்கள், அப்புறம் வீடுகளையே இடித்தார்கள். 1964இல் இந்தத் தெருவுக்கு அடியில் தோண்டிய சுரங்கம் வழியாக 57 பேர் தப்பினார்கள்.

இதெல்லாம் நடந்த இடத்திலேயே திறந்தவெளி நினைவிடமாக 1.4 கிலோமீட்டருக்கு நீண்டிருக்கிறது. கட்டணம் இல்லை. எதிரே ஆவண மையத்தின் பார்வைக் கோபுரத்தில் ஏறினால்தான் ஒரு விஷயம் புரியும், அது ஒற்றைச் சுவர் இல்லை. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நடுவில் மணல், விளக்குக் கம்பம், காவல் கோபுரம். நல்லிணக்கத் தேவாலயம் அந்த நடுப்பட்டையில் சிக்கிக்கொண்டது, 1985இல் கிழக்கு அரசு அதை வெடி வைத்துத் தகர்த்தது. இப்போது அங்கே நிற்கும் சிறிய வழிபாட்டுக்கூடம் மண்ணை இடித்துக் கெட்டித்துக் கட்டியது, பழைய கோவிலின் இடிபாட்டுத் துகள்களை அந்த மண்ணிலேயே கலந்திருக்கிறார்கள். உள்ளே போய்ச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், நம்மூர் மண்வீட்டு ஞாபகம் வரும்.

செக்பாயின்ட் சார்லியை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. அங்கே நிற்கும் காவல் கூண்டு நகல்தான். அதற்குப் பதிலாக மதியம் ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராஸெ நிலையத்தை ஒட்டியுள்ள கண்ணீர் மாளிகைக்குப் போங்கள். மேற்கிலிருந்து வந்துபோன உறவினர்கள் விடைபெற்ற எல்லைக் கூடம் அது, பெயரும் அப்படித்தான் வந்தது. பாஸ்போர்ட் சோதித்த குறுகலான கூண்டு இன்னும் இருக்கிறது, அதற்குள் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். இதுவும் இலவசம். மாலையில் ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடமான ரைக்ஸ்டாக்கின் கண்ணாடிக் கூரை. இலவசம்தான், ஆனால் பல நாட்கள் முன்பே இணையத்தில் பதிந்திருக்க வேண்டும், பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும்.

ஞாயிறுக்கு எஸ்-1 அல்லது எஸ்-7 பிடித்து வான்ஸே. அங்கிருந்து 114ஆம் எண் பஸ் ஏரிக்கரை மாளிகை ஒன்றுக்குப் போகும். 1942 ஜனவரி 20 அன்று நாஜி ஆட்சியின் 15 அதிகாரிகள் அங்கே உட்கார்ந்து, ஐரோப்பிய யூதர்களை ஒழித்துக்கட்டும் வேலையை எந்தத் துறை எப்படிப் பகிர்வது என்று பேசினார்கள். ஒன்றரை மணி நேரம்தான் பேச்சு. அந்தக் கூட்டக் குறிப்பின் 30 பிரதிகளில் 16ஆம் எண் மட்டும் தப்பியது. ஏரி அத்தனை அழகாக இருக்கும், அதுதான் தாங்கமுடியாதது. திரும்பி வந்து 316 பஸ்ஸில் கிளீனிக்கர் பாலம். 1962 பிப்ரவரி 10 அன்று அமெரிக்க விமானி கேரி பவர்ஸையும் சோவியத் உளவாளி ருடால்ஃப் ஏபலையும் மாற்றிக்கொண்ட பாலம் இது. பாலத்தைத் தாண்டினால் போட்ஸ்டாம், அங்கிருந்து வண்டி ஏறுவதானால், டாய்ச்லாண்ட் டிக்கெட் இல்லாதவர்களுக்கு, பெர்லின் எல்லைக்கு வெளியே உள்ள சி மண்டலத்துக்கும் செல்லும் டிக்கெட் வேண்டும்.

வழியில் ரயிலில் படிக்க ஒரு பெயர்: செண்பகராமன் பிள்ளை. திருவனந்தபுரத்தில் பிறந்த தமிழர், முதல் உலகப்போர்க் காலத்தில் இங்கே இந்திய விடுதலைக் குழுவில் வேலை செய்தவர், 1934இல் பெர்லினிலேயே இறந்தார். 1914 செப்டம்பரில் சென்னையைக் குண்டுவீசித் தாக்கிய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனில் அவர் இருந்தார் என்று ஊரில் சொல்வார்கள், அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஆனால் "அவன் பெரிய எம்டன்" என்று நாம் சொல்வது இந்த நாட்டுக் கப்பலை வைத்துத்தான்.

திங்கட்கிழமை ஆபீசில் ஐம்பது வயதைத் தாண்டிய யாராவது இருந்தால், கொஞ்சம் பழகிய பிறகு, சுவர் திறந்த 1989 நவம்பர் 9 இரவு எங்கே இருந்தீர்கள் என்று கேளுங்கள். என்னோடு வேலை பார்த்த ஒரு அம்மையார் அப்போது கிழக்கில் பள்ளி மாணவி. நன்றாகத் தூங்கிவிட்டாராம். காலையில் பள்ளிக்குப் போனால் வகுப்பில் பாதி பெஞ்சு காலி, ஆசிரியரும் வரவில்லை.