முசார் பாட்டிலைத் திறக்கிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

போன வாரம் எங்கள் உணவகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன், ஷாட்டோ முசார் வெள்ளை ஒயின் பாட்டிலை ஐஸ் வாளியில் கழுத்துவரை புதைத்து மேஜைக்குத் தூக்கிக்கொண்டு போனான். பத்து வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே காரியம். ஓடிப்போய் வாளியை வாங்கிக்கொண்டேன், ஆனால் அன்றிரவு முழுக்க எனக்கு மனசே ஆறவில்லை. லெபனான் சாப்பாடு போடும் இடங்களில் 12 வருடமாக ஒயின் ஊற்றுகிறேன். ஒவ்வொரு வருடமும் வருகிற புதியவர்கள் அதே குழியில் விழுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கிளாஸை எப்படிப் பிடிப்பது, கார்க்கை எப்படி உடையாமல் எடுப்பது என்பதெல்லாம் இதில் இல்லை. அவை நான்கு நாளில் கைக்கு வந்துவிடும்.

முசாரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு மட்டும் கொஞ்சம். பெய்ரூட்டுக்கு வடக்கே கஸீர் என்ற மலையூரில் 1930இல் காஸ்டோன் ஹோஷார் தொடங்கிய ஒயின் ஆலை இது. திராட்சைத் தோட்டங்களில் பெரும்பாலானவை மலைக்கு அந்தப் பக்கம், பெக்கா பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அவருடைய மகன் செர்ஜ் ஹோஷார் 1959இல் ஒயின் தயாரிப்பைக் கையில் எடுத்தார். உள்நாட்டுப் போர் நடந்த 15 வருடமும் திராட்சை ஏற்றிய லாரிகள் சண்டைக்கு நடுவேதான் மலை தாண்டி வந்தன. 1976இல் மட்டும் ஒயினே செய்ய முடியவில்லை. 1984இல் லாரிகள் வழியில் மாட்டிக்கொண்டு, பழம் வண்டியிலேயே நொதிக்கத் தொடங்கிவிட்டது. இப்படி வந்து சேர்ந்த பாட்டிலை நாம் அலட்சியமாகக் கையாண்டால் எனக்குக் கோபம் வரும், அவ்வளவுதான்.

வெள்ளையை ஐஸில் புதைப்பது

இதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் பணமும் போய், பெயரும் கெட்டு, நல்ல ஒயினும் சாக்கடைக்குப் போவது இந்த ஒரே தவறில்தான்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம். கணவன் மனைவி இருவர், திருமண நாள் என்று சொல்லி, பட்டியலில் இருந்த பழைய முசார் வெள்ளையைக் கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளை என்றால் குளிர்ச்சி, சிவப்பு என்றால் குளிர்ச்சி வேண்டாம் என்பதுதான். முக்கால் மணி நேரம் ஐஸில் வைத்து, கொண்டைக்கடலை விழுதான ஹம்முஸ், வோக்கோசுக் கீரையும் எலுமிச்சையும் கலந்த டபூலே தட்டுகள் வந்த கையோடு முதல் ஒயினாக ஊற்றினேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "தண்ணியா இருக்கே" என்றார். அப்புறம் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நிறம் வெளிறிய மஞ்சளாக இல்லை, நல்லெண்ணெய் மாதிரி ஆழ்ந்த பொன்னிறம். "கெட்டுப்போச்சு போல" என்று அந்த அம்மா சொன்னதும் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மன்னிப்புக் கேட்டு, பாட்டிலை எடுத்துப்போய்த் தொட்டியில் கவிழ்த்துவிட்டு இரண்டாவதைத் திறந்தேன். அதுவும் ஐஸில் இருந்ததுதான், அதே நிறம், அதே பேச்சு. கடைசியில் அவர்கள் வேறு ஏதோ வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள்.

கடை மூடும் நேரத்தில் எங்கள் மேலாளர், வயதான லெபனான்காரர், மேஜையில் மிச்சம் கிடந்த கிளாஸை எடுத்து என் மூக்கருகே நீட்டி, "மோந்து பார், ஹபீபி" என்றார். இரண்டு மணி நேரம் சும்மா இருந்ததில் குளிர் போயிருந்தது. வறுத்த வாதுமை, தேன், காய்ந்த ஆரஞ்சுத் தோல், அடியில் லேசாக ஒரு உப்பு வாசம். இதே ஒயின்தான், ஒரு பாட்டிலை நான் கவிழ்த்துவிட்டு வந்திருந்தேன். அவர் திட்டவில்லை, அதனால் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஏன் இப்படி என்று அப்புறம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முசார் வெள்ளை இரண்டு நாட்டு வகைத் திராட்சையில் செய்வது: ஒபைதே, மெர்வா. 1,200 மீட்டருக்கும் மேலே, ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரிலேயே நிற்கும் பழைய கொடிகள். சாறு ஓக் பீப்பாயில் நொதித்து, மாதக்கணக்கில் அங்கேயே இருந்து, பாட்டிலில் பல வருடம் தூங்கி, அறுவடைக்கு ஏழு வருடம் கழித்துத்தான் கடைக்கே வருகிறது. அந்தப் பொன்னிறமும் வாதுமை வாசமும் இத்தனை வருடத்தில் சேர்ந்தவை. 5 டிகிரிக்குக் குளிரவைத்தால் வாசம் எல்லாம் உள்ளே ஒடுங்கிவிடும், நாக்கில் மிஞ்சுவது புளிப்பும் கொஞ்சம் கசப்பும்தான். 15 டிகிரி என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்பெட்டியில் இருந்ததென்றால் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து, மூடியைத் திறந்து வையுங்கள். பெரிய கிளாஸில் ஊற்றுங்கள், நான் பல நேரம் டிகாண்டரிலேயே, அதாவது ஒயினைக் காற்றாட வைக்கும் கண்ணாடிக் குடுவையிலேயே, ஊற்றிவிடுவேன்.

அதைவிட முக்கியம், முதல் ஒயினாகக் கொடுக்காதீர்கள். மறைந்த செர்ஜ் ஹோஷார் தன் விருந்துகளில் சிவப்பை முதலில் ஊற்றி, வெள்ளையைக் கடைசியில் ஊற்றுவார். பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும், செய்து பார்த்தால் புரிந்துவிடும். சிவப்புக்குப் பிறகும் அது ஈடுகொடுத்து நிற்கும், டபூலேயின் எலுமிச்சைக்கு முன்னால் நிற்காது.

அப்படியானால் எந்தச் சாப்பாட்டோடு? என் கை தானாகப் போகிற முதல் தட்டு லபன் இம்மோ, ஆட்டுக்கறியைத் தயிரிலேயே கொதிக்கவிட்டுச் செய்வது, பெயருக்கு "அதன் தாயின் பால்" என்று அர்த்தம். சூடான தயிரின் மெல்லிய புளிப்பும் கறிக்கொழுப்பும் இந்த வெள்ளையோடு ஒட்டிப்போவதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். அடுத்தது ரிஸ் அ ஜேஜ்: பட்டை மணக்கும் சோறு, மேலே கோழி, நெய்யில் சிவந்த பைன் கொட்டையும் பாதாமும். லெபனானின் திரிப்போலி பக்கத்து சம்கே ஹர்ரா, அதாவது எள் விழுதும் கொத்தமல்லியும் மிளகாயும் வால்நட்டும் சேர்த்த மீன், இதோடும் நன்றாகப் போகும். கொட்டை, எள், தயிர், பட்டை, இந்த நான்கில் ஒன்று தட்டில் இருக்கிறதா என்று பார்ப்பேன், இருந்தால் வெள்ளையைக் கொண்டுவரச் சொல்வேன்.

புதிய பையனிடம் இதெல்லாம் சொன்னேன். "வாடிக்கையாளரே ஐஸ் கேட்டா என்ன பண்றது அண்ணா?" என்றான். நியாயமான கேள்வி. ஒரு கிளாஸ் குளிர்ச்சியில்லாமல் ஊற்றிக் கொடு, பத்து நிமிடம் கழித்துப் போய்க் கேள், அப்பவும் வேண்டுமென்றால் ஐஸ் கொடு. இதுவரை என்னிடம் மூன்று பேர்தான் திரும்பவும் ஐஸ் கேட்டிருக்கிறார்கள்.

சிவப்பை நேரே அலமாரியிலிருந்து ஊற்றுவது

முசார் சிவப்பு காபர்னே சொவிஞோன், சென்சோ, கரிஞான் என்ற மூன்று திராட்சை வகைகளும் கலந்தது. இதுவும் ஏழு வருடம் கழித்துத்தான் வெளியே வரும். வடிகட்டுவதில்லை, அதனால் பாட்டிலின் அடியில் வண்டல் படியும், பழையதென்றால் நிறையவே. படுக்கவைத்த பாட்டிலை எடுத்து, மேஜைவரை ஆட்டிக்கொண்டு வந்து, உடனே ஊற்றினால் கடைசி இரண்டு கிளாஸ் காபித்தூள் கலங்கின மாதிரி இருக்கும். முதல் நாளே நிமிர்த்தி வையுங்கள். ஊற்றும்போது பாட்டில் கழுத்துக்குக் கீழே ஒரு விளக்கு, நிதானமான கை, வண்டல் கழுத்தை எட்டியதும் நிறுத்துங்கள். அப்புறம் ஒன்றிரண்டு மணி நேரம் காற்றாட விடுங்கள்.

சூடும் கவனம். 18 டிகிரி போதும். வெயில் ஊர்களில் "அறையில் இருக்கிற சூட்டில் கொடுக்கலாம்" என்ற பேச்சு உதவாது, 26 டிகிரி அறையில் நின்ற சிவப்பு வெறும் சாராய நெடி அடிக்கும்.

கெட்டுப்போனது என்று சீக்கிரமே முடிவு கட்டுவது

முசார் சிவப்பைத் திறந்ததும் சில சமயம் லேசாக வினிகர் நெடியோ நகப்பூச்சு நெடியோ வரும். இந்த ஆலையின் ஒயினில் அது கொஞ்சம் இருப்பது வழக்கம், பலருக்கு அதுதான் பிடித்ததே. பயந்து திருப்பி அனுப்பாமல் அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கி, பின்னாலிருந்து செர்ரி, அத்தி, தோல்பை, பட்டை, கிராம்பு என்று வரிசையாக வரும்.

நிஜமாகவே கெட்ட கார்க் என்றால் வாசம் வேறு. நனைந்த அட்டைப்பெட்டி, ஈரச் சாக்கு மாதிரி இருக்கும், நேரம் ஆக ஆகக் குறையாது, கூடத்தான் செய்யும். இந்த இரண்டையும் மூக்கால் பிரித்தறியத் தெரியாமல் யாருக்கும் விலை உயர்ந்த பாட்டில் ஊற்றாதீர்கள்.

மெஸ்ஸே மேஜை முழுவதற்கும் ஒரே பெரிய சிவப்பு

மெஸ்ஸே என்றால் இருபது சின்னத் தட்டுகள் ஒரே நேரத்தில் வந்து இறங்கும். எலுமிச்சை, சுமாக் என்ற புளிப்புப் பொடி, பூண்டு, வோக்கோசு எல்லாம் கலந்து அடிக்கிற இடத்தில் பழைய சிவப்பு காணாமல் போய்விடும். இந்தக் கட்டத்துக்கு அதே ஆலையின் முசார் ஜூன் (Jeune) போதும். இளையது, ஓக் படாதது, விலையும் தாங்கும். பழைய சிவப்பை அடுப்புச் சட்டி வரும்வரை காக்க வையுங்கள்: கரியில் சுட்ட கொத்துக்கறி கஃப்தா, மாதுளைப் பாகு தடவிய ஆட்டுக்கறி, பால்பெக் ஊரின் கறி வைத்த ரொட்டியான ஸ்ஃபீஹா. மாமிசம் சாப்பிடாதவர்களுக்கு முஜத்தரா கொடுங்கள். பருப்பும் சோறும் மேலே கருகக் கருக வதக்கிய வெங்காயமுமாக இருக்கும் அந்தத் தட்டு, கறிக்கு நிகராகச் சிவப்பைத் தாங்கும். இதை நம்பாத சமையல்காரர் ஒருவருக்கு நானே ஊட்டிவிட்டேன்.

தூமுக்குப் பக்கத்தில் பழைய பாட்டில்

தூம் என்பது பச்சைப் பூண்டு விழுது. வேண்டாம்.

கிப்பே நய்யே

பச்சையாக அரைத்த கறி. இதற்குச் சோம்பு மணக்கும் சாராயமான அரக்தான். ஒயின் பட்டியலை மூடுங்கள்.

இனிப்போடு சிவப்பு

கூடாது. பக்லவாவுக்குக் காபி.

மிச்சத்தைக் கொட்டுவது

பாதி பாட்டில் மிஞ்சினால் கார்க்கைத் திருப்பி அழுத்திக் குளிர்பெட்டியில் வையுங்கள், வாடிக்கையாளர் கேட்டால் கட்டிக் கொடுத்துவிடுங்கள். மற்ற வெள்ளைகள் மறுநாள் சோர்ந்துவிடும், முசார் வெள்ளை இரண்டாம் நாள்தான் வாய் திறக்கும். அந்தப் பையன் ஊற்றிய பாட்டிலில் மூன்று விரல் மிஞ்சியிருந்தது. அடுத்த நாள் சாயங்காலம் கடை திறப்பதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு வாய் ஊற்றி, பக்கத்தில் கொஞ்சம் ஷங்க்லீஷ் பாலாடைக்கட்டியும் உப்பு வாதுமையும் வைத்தேன். மூக்கைக் கிளாஸுக்குள் விட்டவன் ரொம்ப நேரம் வெளியே எடுக்கவே இல்லை.