காவல் நிலைய கேமராப் பதிவு அழிவதற்குள் என்ன செய்ய வேண்டும்?

திருப்பூர் பல்லடம் ரோட்டில் கலெக்டர் ஆபீஸுக்கு வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். பட்டா, முதியோர் பென்ஷன், கம்பெனி கட்டாமல் விட்ட பி.எஃப். எல்லாம் வரும். நடுவில் சிலர் குரலைத் தாழ்த்திக்கொண்டு வருவார்கள். "ஸ்டேஷன்ல வெச்சுப் பையன அடிச்சுப்போட்டாங்க, ஏதாச்சும் பண்ண முடியுங்களா?" என்பார்கள். 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டதும் பனியன் கம்பெனிகளில் ஆர்டர் குறைந்தது, ஷிப்ட் குறைந்தது. வேலை குறைந்த ஊரில் ராத்திரி ரோட்டில் நிற்கிறவன் மேல் சந்தேகம் சீக்கிரம் விழுகிறது. அவர்களுக்காகவும் அவர்கள் வீட்டாருக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதல் மனுவில் "நடவடிக்கை எடுங்கள்" என்று கேட்காதீர்கள். அதை அடுத்த வாரம்கூடக் கேட்கலாம். முதல் மனுவில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: இந்தத் தேதி, இந்த நேரத்துக் கேமராப் பதிவை அழியாமல் எடுத்து வையுங்கள். ஸ்டேஷன் கேமராப் பதிவு ஒரு ஹார்டு டிஸ்கில் ஏறுகிறது. டிஸ்க் நிறைந்தால் பழையதன் மேலேயே புதியது ஏறிவிடும். யாரும் வேண்டுமென்று அழிக்கத் தேவையில்லை, சும்மா இருந்தாலே போய்விடும்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் ஸ்டேஷனில் வைத்து அடித்தார்கள். இருவரும் இறந்துபோனார்கள். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், ஹார்டு டிஸ்கில் 1 டி.பி. இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழிகிற மாதிரி செட்டிங் வைத்திருந்ததாக உயர்நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். கேமரா இருந்தது, பதிவு இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அதே வருடம் டிசம்பர் 2ஆம் தேதி பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. நீங்கள் கையில் பிடிக்க வேண்டிய ஆயுதம் அந்தத் தீர்ப்பு. எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும். இருட்டிலும் படம் விழ வேண்டும். ஒலியும் பதிவாக வேண்டும். வாசல், லாக்கப், லாக்கப்புக்கு வெளியே, தாழ்வாரம், வரவேற்பு, இன்ஸ்பெக்டர் அறை, எஸ்.ஐ. அறை, ஸ்டேஷன் பின்புறம் என்று இடம் இடமாகப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். கழிப்பறைக்கு உள்ளே கூடாது, வெளியே வேண்டும். இந்த ஒரு வரி முக்கியம். "பாத்ரூமில் வழுக்கி விழுந்தான்" என்று நாளைக்குச் சொன்னால், அவன் உள்ளே எப்படி நடந்து போனான், எப்படி வெளியே வந்தான் என்று அந்தக் கேமரா காட்டும்.

பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்கிறது தீர்ப்பு. அந்த அளவுக்குக் கருவி கிடைக்காவிட்டாலும் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது. உரிமை மீறப்பட்டவர் தன் பதிவைப் பாதுகாத்துத் தரச் சொல்லிக் கேட்கலாம் என்று ஸ்டேஷனுக்குள் போர்டு வைக்கவும் சொல்லியிருக்கிறது. ஆனால் 18 மாதம் இருக்கிறதே என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். கேமராக்கள் வேலை செய்யாததைப் பார்த்து 2025 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் தானாகவே மறுபடி வழக்கெடுத்துக்கொண்டது. நிலைமை அப்படி.

சரி, மனுவுக்கு வருவோம். எழுதுவதற்கு முன்னால் நேரத்தைச் சரியாகப் பிடிக்க வேண்டும். "ராத்திரி ஒரு பத்து மணி இருக்கும்" என்று எழுதினால், அந்த நேரத்தில் அப்படி எதுவும் பதிவாகவில்லை என்று பதில் வரும்.

என்னிடம் வந்த ஒரு பேக்கிங் பையனுடையதைச் சொல்கிறேன். ஒடிசாக்காரன், தமிழ் அரைகுறை. அவன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற அக்கா ஒருத்தி கூட்டி வந்தார். எத்தனை மணிக்குப் பிடித்தார்கள் என்றால் அவனுக்குத் தெரியவில்லை. "போனைக் காட்டு கண்ணு" என்றேன். ஒன்றரை ஷிப்ட் முடித்து விரல் வைத்த நேரம் கம்பெனி மெஷினில் 9.38. பேக்கரியில் டீயும் பன்னும் சாப்பிட்டு ஜிபேயில் பணம் போட்டது 9.55. அவன் மனைவி கூப்பிட்டு எடுக்காமல் போன முதல் அழைப்பு 10.21. அப்படியானால் 9.55க்கும் 10.21க்கும் நடுவில் பிடித்திருக்கிறார்கள். ஸ்டேஷன் கடிகாரமே தப்பாக ஓடினாலும் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, இரவு 9.30இலிருந்து மறுநாள் காலை 7 மணி வரை கேட்டு எழுதினோம். இரண்டு பக்கமும் தாராளமாக இடம் விட்டுக் கேளுங்கள். கேமராவின் ஓரத்தில் ஓடுகிற நேரமும் உங்கள் போன் நேரமும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. நான் எழுதுவது இப்படி இருக்கும்:

"பெறுநர்: காவல் ஆய்வாளர் அவர்கள். பொருள்: சிசிடிவி பதிவைப் பாதுகாத்து வைக்கக் கோருதல். ஐயா, என்னை (தேதி) அன்று இரவு 9.55க்கும் 10.21க்கும் இடையில் பிடித்துத் தங்கள் நிலையத்துக்கு அழைத்து வந்து மறுநாள் காலை 6 மணிக்கு வெளியே விட்டார்கள். அங்கே நான் தாக்கப்பட்டேன். அன்று இரவு 9.30 முதல் மறுநாள் காலை 7.00 வரை வாசல், வரவேற்பு, தாழ்வாரம், லாக்கப்பின் உள்ளும் வெளியும், ஆய்வாளர் மற்றும் உதவி ஆய்வாளர் அறைகள், கழிப்பறை வெளிப்புறம், நிலையத்தின் பின்புறம் ஆகிய கேமராக்களின் பதிவை ஒலியுடன் தனியே எடுத்துப் பாதுகாக்குமாறு, உச்சநீதிமன்றத்தின் 2.12.2020 தீர்ப்பின்படி கேட்டுக்கொள்கிறேன். இந்த மனு கிடைத்த பிறகு பதிவு அழிந்தால் அதற்கு நிலையப் பொறுப்பாளரே பொறுப்பாவார்."

கோபத்தையும் வசையையும் இதில் சேர்க்காதீர்கள். யார் அடித்தார், எதனால் அடித்தார் என்பதை விவரமாக இன்னொரு மனுவில் எழுதலாம்.

நேரில் கொடுத்தால், மனுவை வாங்கிக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தருகிற சி.எஸ்.ஆர். ரசீதைக் கேளுங்கள். தரவில்லையா, சண்டை வேண்டாம். நேராகத் தபால் ஆபீஸுக்குப் போய் ஸ்பீடு போஸ்ட் போட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனுக்கு மட்டும் அனுப்பினால் பத்தாது. திருப்பூர் மாநகருக்குள் என்றால் போலீஸ் கமிஷனருக்கு ஒரு நகல். அவிநாசி, பல்லடம், காங்கேயம், தாராபுரம், உடுமலை என்றால் எஸ்.பி.க்கு. கோயமுத்தூரிலும் இப்படித்தான் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம் எல்லாம் எஸ்.பி. பக்கம். மாற்றி அனுப்பினால் காகிதம் இங்கும் அங்கும் அலைந்து நாள் போகும். கலெக்டருக்கு ஒரு நகல் கட்டாயம். ஸ்டேஷன் கேமராக்களைக் கண்காணிக்க மாவட்டக் குழு ஒன்று வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது, அதில் கலெக்டரும் எஸ்.பி.யும் உறுப்பினர்கள். சென்னையில் இருக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் ஒன்று அனுப்புங்கள். கட்டணம் கிடையாது, ஒரு வருடத்துக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். பலத்த காயமோ சாவோ நடந்திருந்தால் ஆணையமும் மனித உரிமை நீதிமன்றமும் அந்தப் பதிவை உடனே வரவழைத்து வைக்கலாம்.

அன்றைக்கே செய்ய வேண்டியது இன்னொன்று உண்டு. அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காயத்தைக் காட்டி ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவு போடச் சொல்லுங்கள். டாக்டர் கேட்கும்போது பயத்தில் "கீழே விழுந்துட்டேனுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு சொல் பிறகு கோர்ட் வரைக்கும் கூடவே வரும். யார் அடித்தது, எதை வைத்து அடித்தது, எங்கே என்று உள்ளபடி சொல்லுங்கள்.

ஸ்டேஷனுக்கு வெளியே இருக்கிற கேமராக்களை மறக்க வேண்டாம். நம் பக்கம் பேக்கரி இல்லாத முக்கு உண்டா? ஒவ்வொரு பேக்கரி வாசலிலும் ஒரு கேமரா தொங்குகிறது. கம்பெனி கேட், பெட்ரோல் பங்க், காம்பவுண்ட் வீட்டு ஓனர் வாசல் எல்லாம் பாருங்கள். இந்தப் பதிவுகள் ஸ்டேஷன் பதிவைவிடச் சீக்கிரம் அழியும். கடைக்காரரிடம் மிரட்டுகிற மாதிரி பேசினால் அவர் பயந்து கதவைச் சாத்திவிடுவார். "அண்ணா, உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராம பார்த்துக்கறோம், அந்த அரை மணி நேரத்த மட்டும் பென்டிரைவ்ல போட்டுக் குடுங்க" என்று கேளுங்கள். திரையை போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது வேண்டாம்; தெளிவு போய்விடும். மெஷினிலிருந்தே நகல் எடுங்கள். அது கோர்ட்டில் நிற்க வேண்டும் என்றால் பாரதிய சாக்ஷ்ய சட்டம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பும் (கோப்பை மாற்றினால் காட்டிக்கொடுக்கிற அடையாள எண்) எழுத வேண்டியிருக்கும், வக்கீல் அதைப் பார்த்துக்கொள்வார். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று நினைக்காதீர்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் எல்லோருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கும். பனியன் கம்பெனித் தொழிலாளிக்கும் இது உண்டு என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியாது. போன் எண் 15100.

போலீஸ் செய்வதைச் சொந்த போனில் வீடியோ எடுத்தால் பிடிப்பார்களா என்று கேட்பார்கள். 2025இல் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாரைப் போலீசார் அடித்தது ஒருவர் மறைந்து நின்று எடுத்த வீடியோவால் ஊருக்கே தெரிந்தது. போலீஸ் ஸ்டேஷன், அரசு ரகசியச் சட்டம் சொல்கிற தடை செய்யப்பட்ட இடம் இல்லை என்று மும்பை உயர்நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வு 2022இல் சொல்லியிருக்கிறது. குறுக்கே போகாமல், கொஞ்சம் தள்ளி நின்று எடுங்கள்.

அப்புறம் தகவல் உரிமை மனு. எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, நகல் கேட்பது இதில்தான். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, கமிஷனர் ஆபீஸிலோ எஸ்.பி. ஆபீஸிலோ இருக்கும் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும். ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார், உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். மனுவின் தலைப்பிலேயே அதைப் பெரிதாக எழுதுங்கள். "விசாரணை நடக்கிறது, 8(1)(எச்) பிரிவின்படி தர முடியாது" என்று பதில் வருவது வழக்கம். விசாரணை நடக்கிறது என்பது மட்டும் காரணம் ஆகாது, கொடுத்தால் அது எப்படிக் கெடும் என்று காட்ட வேண்டும் என்று பகத் சிங் என்பவர் போட்ட தகவல் உரிமை வழக்கில் 2007இல் டெல்லி உயர்நீதிமன்றம் சொன்னது. இதை எழுதி 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள். அதிலும் ஆகவில்லை என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். மற்றவர்கள் முகம் தெரிகிறது என்றால், அதை மறைத்துக் கொடுங்கள் என்று 10ஆம் பிரிவின்படி கேட்கலாம்.

போலீசார் சட்டையில் மாட்டுகிற பாடி கேமரா வேறு கதை. 2020 தீர்ப்பு ஸ்டேஷனுக்குள் இருக்கும் கேமராக்களைப் பற்றியது, சட்டைக் கேமராவை அது நேரடியாகத் தொடவில்லை. கேமரா மாட்டினாலே எல்லாம் மாறிவிடும் என்றும் நான் நம்பவில்லை. வாஷிங்டன் நகரில் 2,000க்கும் மேற்பட்ட போலீசாரை வைத்துச் செய்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. பலப்பிரயோகத்தில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. பதிவைக் கேட்டு வாங்க ஆள் இருந்தால்தான் கேமராவுக்கு வேலை.

கோயமுத்தூரில் ட்ராஃபிக் போலீஸ் கேமரா மாட்டி நிறுத்தினால் மூன்று விஷயம் பாருங்கள்: பெயர் பட்டை, நின்ற இடம், போனில் நேரம். சலான் வந்தால், மோட்டார் வாகன விதி 167ஏ பாடி கேமராவையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. கேமரா வழியாகப் போட்ட சலானுக்கான நோட்டீஸை 15 நாளுக்குள் அனுப்ப வேண்டும், சலான் முடியும்வரை பதிவை அழிக்கக் கூடாது. ஆகவே சலான் கட்டுவதற்கு முன்னால் பதிவைக் கேளுங்கள். கட்டி முடித்துவிட்டால் வைத்திருக்கும் கட்டாயமும் முடிந்துவிடும். ரூமில் சோதனை போட வந்தால், பிஎன்எஸ்எஸ் (இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 105ஆம் பிரிவின்படி சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுத்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். "வீடியோ ஆன் பண்ணிட்டீங்களா சார்?" என்று மரியாதையாக ஒரு வார்த்தை கேளுங்கள். வடமாநிலப் பையன்கள் தங்கியிருக்கிற லைன் வீடுகளில் இந்தக் கேள்வியை அவர்கள் பாஷையிலேயே சொல்லிக் கொடுத்து வைக்கிறோம்.

கடைசியில், அதிகமாக வருகிற பதிலுக்கு வருகிறேன்: "கேமரா அன்றைக்கு ரிப்பேர்." இதைக் கேட்டதும் பலர் மனுவை மடித்து வைத்துவிடுகிறார்கள். அங்கேதான் அடுத்த மனு ஆரம்பிக்கிறது. கேமரா பழுதானால் நிலையப் பொறுப்பாளர் மாவட்டக் குழுவுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். வேலை செய்யாத நாட்களில் அந்த ஸ்டேஷனில் யாரைக் கைது செய்தார்கள், யாரை விசாரித்தார்கள் என்ற விவரத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். இதுவும் அதே தீர்ப்பில் இருக்கிறது. ஆகவே கேளுங்கள்: எந்தத் தேதியில் பழுதானது, குழுவுக்கு எழுதிய கடிதத்தின் நகல், அந்த நாட்களின் கைது மற்றும் விசாரணைப் பட்டியல், சரிசெய்ய வந்தவர் கையெழுத்துப் போட்ட வேலைச் சீட்டு, அதற்குக் கொடுத்த பில். அந்தப் பட்டியலில் உங்கள் பையன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லாவிட்டால் அந்த நகலையும், பேக்கரி கேமரா பதிவையும், ஏ.ஆர். காப்பியையும் ஒன்றாகப் பின் செய்து வக்கீல் கையில் கொடுங்கள்.