பூடில் கலப்புக் குட்டி வாங்கும் முன்: புதுச்சேரி, கடலூர் வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

லேப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், காக்கர் ஸ்பேனியல், மால்டீஸ் ஆகிய நாய் இனங்களோடு சுருள்முடி நாயான பூடிலைச் சேர்த்துப் பெறப்படும் லேப்ரடூடுல், கோல்டன்டூடுல், காக்கப்பூ, மால்ட்டிப்பூ முதலிய கலப்புக் குட்டிகளை இப்போது புதுச்சேரியிலும் கடலூரிலும் விரும்பித் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் யோசனைகளோ ஒன்றுக்கொன்று முரணானவை. "முடியே கொட்டாது, இளைப்பு நோய் உள்ளவர் இருக்கும் வீட்டுக்குக்கூட ஒத்துவரும்" என்பார் ஒருவர். "பேப்பர் (இனப் பதிவுச் சான்று) இல்லாத கிராஸ் குட்டிக்கு லேப் விலையைவிட அதிகம் கொடுப்பதா?" என்பார் நாய்க் கண்காட்சிகளில் பழகியவர். "ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இருக்கும்போது இது எதற்கு?" என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆயினும் அவர்கள் பேசுவது ஒரு வகையைப் பற்றி. நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவரப்போவது ஒரு குட்டியை. அந்தக் குட்டியின் தாய் தந்தை யார், அதன் முடியை வாரப்போவது யார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் தெளிவான விடை கிடைத்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முடி கொட்டாது என்ற பேச்சை எப்படிச் சோதிப்பது

இந்தக் கலப்பு பெயர்பெற்ற கதையிலேயே இதற்கான எச்சரிக்கை இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வழிகாட்டி நாய்ச் சங்கத்தில் குட்டி வளர்ப்புக்குப் பொறுப்பாக இருந்த வாலி கான்ரன், ஹவாயில் வாழ்ந்த பார்வைக் குறைபாடுள்ள ஒரு பெண்ணுக்காக, நாய் முடி ஒத்துக்கொள்ளாத அவருடைய கணவருக்கும் தொல்லை தராத ஒரு வழிகாட்டி நாயை உருவாக்க முயன்றார். பூடில்களைப் பயிற்றுவித்துப் பார்த்து அது பலிக்காமல் போகவே, 1989ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் எனப்படும் பெரிய பூடிலையும் லேப்ரடாரையும் சேர்த்தார். பிறந்த மூன்று குட்டிகளின் முடியும் உமிழ்நீரும் ஹவாய்க்கு அனுப்பப்பட்டன. அவற்றில் ஒரே ஒரு குட்டி மட்டுமே அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. ஒரே ஈற்றில் பிறந்த மூன்றில் இரண்டு ஒத்துக்கொள்ளவில்லை என்பதை, 'லேப்ரடூடுல் என்றாலே ஒவ்வாமை வராது' என்று சொல்லி விற்பவர் எவரும் சொல்வதில்லை. தாம் தொடங்கியதைப் பார்த்துப் பணத்துக்காகக் கண்டபடி கலப்புக் குட்டிகளை உற்பத்தி செய்யும் போக்கு பெருகிவிட்டதாகக் கான்ரனே பிற்காலத்தில் வெளிப்படையாக வருந்தினார்.

ஒவ்வாமையைத் தூண்டுவது முடி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நாயின் உமிழ்நீரிலும் தோலிலிருந்து உதிரும் பொடுகிலும் உள்ள புரதங்களே அதற்குக் காரணம். அவற்றுள் முதன்மையானதைக் கேன் எஃப் 1 என்று அழைக்கிறார்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில் 173 வீடுகளின் தூசியை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வு, ஒவ்வாமை தராதவை என்று சொல்லப்படும் நாய்கள் வாழும் வீடுகளிலும் இந்தப் புரதம் குறைவாக இல்லை என்று கண்டது. 2012இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், பூடில், லேப்ரடூடுல் முதலிய நாய்களின் முடியில் இந்தப் புரதம் மற்ற நாய்களின் முடியில் இருந்ததைவிடக் கூடுதலாகவே இருந்தது. லேப்ரடூடுல் வாழ்ந்த வீடுகளின் தரைத் தூசியில் மட்டும் அளவு சற்றுக் குறைந்திருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்; ஆனால் காற்றில் கலந்திருந்த அளவில் வேறுபாடு காணப்படவில்லை.

ஆகவே வீட்டில் ஒருவருக்கு இளைப்போ நாய் ஒவ்வாமையோ இருந்தால், முதலில் ஒவ்வாமை மருத்துவரைப் பாருங்கள். அதன்பின், பாதிக்கப்பட்டவரையே அழைத்துச் சென்று, வளர்ந்த அதே வகை நாய் இருக்கும் வீட்டில் ஒருமுறைக்கு இருமுறை நெடுநேரம் இருக்கச் செய்யுங்கள். சாத்தியமானால் வாங்கப்போகும் குட்டியோடும், அதன் தாயோடும் அவ்வாறே இருக்க வையுங்கள். மூச்சுத் திணறலோ கண் அரிப்போ வந்தால் அந்த எண்ணத்தை அங்கேயே விட்டுவிடுவதுதான் குட்டிக்கும் நல்லது. பழகிய ஒரு வயது நாயை ஒவ்வாமை காரணமாக வேறொருவரிடம் ஒப்படைப்பது அந்த விலங்குக்குச் செய்யும் பெரிய தீங்கு.

முடி கொட்டுமா என்பது தனிக் கேள்வி. பூடிலின் முடி தொடர்ந்து வளரும், மிகக் குறைவாகவே உதிரும். லேப்ரடாரின் முடியோ ஆண்டு முழுவதும் உதிரும். இவ்விரண்டையும் சேர்க்கும் முதல் தலைமுறைக் குட்டி எந்தப் பக்கம் சாயும் என்று பிறந்த சில வாரங்களில் உறுதியாகச் சொல்ல முடியாது. பெரும்பாலும் ஓரளவு உதிரவே செய்யும். அந்தக் கலப்பை மீண்டும் பூடிலோடு சேர்த்தால் உதிர்வது குறையும், சுருள் கூடும், சிக்கு விழுவதும் கூடும். தரையைப் பெருக்கும் வேலை குறைந்த அளவுக்கு முடியை வாரும் வேலை ஏறிவிடும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இந்தப் பெருமையைக் கேட்க வேண்டும்.

கலப்பு என்றால் ஆரோக்கியமா

ஆதரிப்பவர்கள் முன்வைக்கும் அடுத்த வாதம், கலப்பினத்துக்கு நோய் குறைவு என்பது. பிரிட்டனின் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியினர் 2024இல் வெளியிட்ட ஆய்வு, காக்கப்பூ, லேப்ரடூடுல், கவப்பூ (கவாலியர் ஸ்பேனியலும் பூடிலும் கலந்தது) ஆகிய மூன்றையும் அவற்றின் பெற்றோர் இனங்களோடு ஒப்பிட்டு, 9,402 நாய்களின் விவரங்களைக் கொண்டு, பரவலாகக் காணப்படும் 57 உடல்நலக் குறைகளைப் பார்த்தது. ஒப்பீடுகளில் 86.6 விழுக்காட்டில் வேறுபாடே இல்லை. மீதியில் சிலவற்றில் கலப்புக்குச் சாதகமாகவும், ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் பாதகமாகவும் முடிவு வந்தது. கலப்பு நாய்கள் நோஞ்சான்கள் என்று சொல்லும் தூய இனப் பற்றாளர்களும், அவற்றுக்கு நோயே வராது என்று சொல்லும் விற்பனையாளர்களும் ஒருசேரக் கைவிட வேண்டிய பேச்சு இது.

கலப்பு ஏன் காப்பாற்றவில்லை என்பதற்கு ஒரு நோயைப் பார்த்தாலே போதும். விழித்திரை படிப்படியாகச் சிதைந்து பார்வை போகும் பரம்பரை நோய் ஒன்று பூடிலுக்கு உண்டு. அதே மரபணுக் குறை லேப்ரடாரிலும், கோல்டனிலும், காக்கரிலும் இருக்கிறது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பழுதான பிரதிகள் சேர்ந்தால்தான் நோய் வரும். இனம் வேறு என்பதால் மட்டும் அந்தச் சேர்க்கை தடுக்கப்படுவதில்லை. மரபணுச் சோதனை செய்து, இரண்டு பக்கமும் பழுது இல்லாமல் பார்த்துக்கொண்டால்தான் தடுக்கப்படும். இடுப்பு மூட்டுக் குறையும் அவ்வாறே. லேப்ரடாரிலும் ஸ்டாண்டர்ட் பூடிலிலும் அது உண்டு, பெற்றோருக்கு இரண்டு வயது நிரம்பியபின் எடுத்த எக்ஸ்ரேதான் அதற்கு நம்பத்தகுந்த சான்று. கவப்பூ வாங்குவதானால் தாய் அல்லது தந்தையான கவாலியரின் இதயத்தைக் கால்நடை மருத்துவர் சோதித்தாரா என்று கேட்காமல் இருக்கக் கூடாது, ஏனெனில் அந்த இனத்தை இதய வால்வு நோய் மிக அதிகமாகத் தாக்குகிறது.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை

கென்னல் கிளப் ஆஃப் இந்தியா கலப்புக் குட்டிகளைப் பதிவு செய்வதில்லை. ஆதலால் 'டூடுலுக்குக் கேசிஐ பேப்பர் உண்டு' என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். ஆனால் பெற்றோர் இருவரும் தூய இனத்தவர் என்றால் அவர்களுக்குத் தனித்தனியே பேப்பரும் மைக்ரோசிப்பும் இருக்க முடியும். அவற்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இல்லையென்றால் அந்தச் சுருள்முடிக் குட்டியின் தந்தை பூடில்தான் என்பதற்கு விற்பவருடைய வாய்ச்சொல்லைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பாக 2017இல் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ பேருந்தில் ஏற்றிவிடுகிறோம், பேருந்து நிலையத்தில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் விற்பனையை முற்றாகத் தவிருங்கள். அவ்வாறு கூடையில் வரும் குட்டி எத்தனை வாரத்தது, எந்தத் தாயிடம் பால் குடித்தது, பார்வோ என்னும் குடல் நோய்க்கான தடுப்பூசி உண்மையிலேயே போடப்பட்டதா என எதையும் உங்களால் அறிய முடியாது. நேரில் போய், தாயைப் பார்த்து, தாய் மனிதர்களிடம் அஞ்சாமல் வருகிறதா, மற்றக் குட்டிகளின் கண்ணும் காதும் வயிறும் எப்படி இருக்கின்றன என்று கவனியுங்கள். தாயைக் காட்ட மறுப்பவரிடம் வாங்குவது, மறைவில் ஒரு பெட்டை நாயை ஓயாமல் ஈனவைக்கும் தொழிலுக்குப் பணம் கொடுப்பதாகும்.

வளர்ந்தபின் எவ்வளவு பெரிதாகும் என்பதும் பெற்றோரைப் பார்த்தால்தான் தெரியும். பூடிலில் டாய், மினியேச்சர், ஸ்டாண்டர்ட் என்று அளவுகள் உண்டு. ஸ்டாண்டர்டிலிருந்து வந்த லேப்ரடூடுல் எளிதாக 25 கிலோவைத் தாண்டும். மாடிக் குடியிருப்புக்கு மடியில் அடங்கும் நாய் என்று எண்ணி அதை வாங்கியவர் பாடு சிரமம். வாங்கிய சில நாள்களுக்குள் குருமாம்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்திலோ, உங்கள் வழக்கமான மருத்துவரிடமோ முழுப் பரிசோதனை செய்து, தடுப்பூசி அட்டையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நாட்டு நாய் வளர்க்கச் சொல்பவரின் பேச்சையும் இந்தக் கட்டத்தில் ஒருமுறை நிதானமாகக் கேட்க வேண்டும். தெருவில் பிறந்த குட்டியொன்றை எடுத்து வளர்த்தால் முடி வேலை அநேகமாக இல்லை, இந்த வெயிலும் அதற்குப் புதிதில்லை. ராஜபாளையத்துக்கும் சிப்பிப்பாறைக்கும் ஓட இடமும் அன்றாடப் பயிற்சியும் வேண்டும் என்பதால் சிறிய வீட்டுக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். சுருள்முடிதான் வேண்டும், அறிவான நாய் வேண்டும் என்றால், சோதிக்கப்பட்ட பெற்றோருக்குப் பிறந்த மினியேச்சர் பூடிலையே வாங்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அளவும் முடியும் எப்படி அமையும் என்பது அதில் முன்கூட்டியே தெரியும்.

வாருவது எப்படி

எல்லாவற்றையும் விசாரித்துக் கலப்புக் குட்டியைத்தான் வாங்குகிறீர்கள் என்றால், முதல் வாரத்திலிருந்தே பிரஷைப் பழக்குங்கள். ஒருநாள் விட்டு ஒருநாளாவது வார வேண்டும். ஆறாம் மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் குட்டி முடி மாறிப் பெரிய முடி வரும் காலத்தில் தினமும் வார வேண்டும். மேலாக இழுத்துவிட்டு 'வாரியாயிற்று' என்று எண்ணுவதால்தான் பெரும்பாலான நாய்கள் சிக்கடைந்து வருகின்றன. மேல்முடி பஞ்சாகத் தெரியும். விரலை உள்ளே விட்டுத் தோலைத் தொட முயன்றால் நடுவே ஒரு தடிப்பு விரலைத் தடுக்கும்.

சரியான முறை இதுதான். நாயைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, இடக்கையால் முடியை மேல்நோக்கி ஒதுக்கி, தோல் ஒரு கோடாகத் தெரியும்படி வகிடு பிரியுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள முடியை மட்டும் ஸ்லிக்கர் பிரஷால் (மெல்லிய கம்பிப் பற்கள் கொண்ட பிரஷ்) வேரிலிருந்து நுனிவரை வாருங்கள். முடிந்ததும் ஒரு விரல் அகலம் மேலே நகர்ந்து அடுத்த வகிட்டைப் பிரியுங்கள். பின்னர் இரும்புச் சீப்பை வேர்வரை இறக்கி இழுத்துப் பாருங்கள். அது எங்கே நிற்கிறதோ அங்கே சிக்கு இருக்கிறது. காதுக்குப் பின்புறம், அக்குள், கழுத்துப் பட்டை உரசும் இடம், தொடையின் உட்பக்கம் ஆகியவற்றில் ஒவ்வொரு முறையும் பாருங்கள், உண்ணியையும் அப்போதே தேடுங்கள். சிக்கு எடுக்காமல் குளிப்பாட்டவே கூடாது. நீர் பட்டுக் காய்ந்ததும் அது இறுகி, பிறகு எந்தச் சீப்புக்கும் பிரியாது. அந்நிலையில் மழிப்பது ஒன்றுதான் வழி. அப்படி மழித்த நாயைக் குரூமிங் மேசையில் பார்த்தால், முடி கம்பளித் துண்டு போல ஒரே தகடாகக் கழன்று விழும். அதன் கீழே ஈரம் தேங்கிச் சிவந்து புண்ணான தோல் இருக்கும். அந்த நாய் எத்தனை நாள் வலியோடு இருந்திருக்கும் என்று நினைத்தால் மனம் பதைக்கிறது.

கத்தரிப்பதற்கு ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை செலவு உண்டு. குட்டியின் விலையோடு இந்தச் செலவையும் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளுக்குக் கணக்கிட்டுப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

கடலும் கத்திரி வெயிலும் மழையும்

நாய் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் உடல் வெப்பத்தைத் தணிக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்த இந்தக் கரையோரத்தில் அது போதிய பலன் தருவதில்லை. சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்கு முன்பே நடையை முடியுங்கள்; முடியைக் குட்டையாக வெட்டுங்கள், ஆனால் தோல் தெரிய மழிக்காதீர்கள், வெயில் சுட்டுவிடும். பூடிலும் லேப்ரடாரும் நீரில் வேட்டைப் பறவையை எடுத்துவரப் பழக்கப்பட்ட இனங்கள் என்பதால் கடலைக் கண்டால் இந்த நாய்கள் ஓடும். சில்வர் பீச்சில் அலையில் நனைந்து வந்தால் அன்றே நல்ல நீரில் உப்பை அலசி, காதை உலர்த்த வேண்டும். தொங்கும் காது, உள்ளே வளரும் முடி, ஈரக் காற்று மூன்றும் சேர்ந்தால் காதில் பூஞ்சை வருவது எளிது. தலையை அடிக்கடி உதறுவதும் காதிலிருந்து நாற்றம் வருவதும் தெரிந்தால், எண்ணெய் ஊற்றிப் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள்.

ஐப்பசி பிறக்கும் முன், அதாவது வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், முடியை ஓர் அங்குலத்துக்குள் வெட்டிவிடுங்கள். 2011 டிசம்பரில் தானே புயலுக்குப் பிறகு கடலூர் மாவட்டத்தில் பல ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரம் இன்றி இருந்தன. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அத்தகைய நாள்களில் டிரையர் ஓடாது, வெயிலும் வராது, நீண்ட முடியை உலர்த்த வழியே இருக்காது. துண்டு நான்கைந்தைத் தனியே எடுத்து வையுங்கள். தேங்கிய நீரில் எலிச் சிறுநீர் வழியாகப் பரவும் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள். வெளியே போய்வந்த நாயின் பாதங்களையும் விரல் இடுக்குகளையும் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே வீட்டுக்குள் விடுங்கள்.