பெருஞ்சூரைக்கு ஏற்ற தூண்டில்: சான் டியேகோவிலிருந்து வாடகைப் படகில் செல்வோருக்கு

கலிஃபோர்னியாவின் சான் டியேகோவிலிருந்து வாடகைப் படகில் ஏறி, சான் கிளமென்டே தீவு, டானர் திட்டு, கோர்ட்டெஸ் திட்டு ஆகிய இடங்களுக்கு நீலத்துடுப்புச் சூரை பிடிக்கச் செல்பவர், ஒரே பயணத்தில் பதினைந்து கிலோ மீனும் நூறு கிலோவைத் தாண்டிய மீனும் எதிர்ப்படக்கூடும் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். எனவே ஒற்றைத் தூண்டிலை நம்பிப் புறப்படுவது சரியன்று. அந்த வாரத்தில் எந்த அளவு மீன் படுகிறது என்று படகுக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கேற்பக் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று தூண்டில்களை எடுத்துச் செல்லுங்கள். சொந்தமாக வாங்க வசதியில்லாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அங்கே தரமான தூண்டில்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன. மெலிந்த சொந்தத் தூண்டிலைவிட வலுவான வாடகைத் தூண்டிலே மேல் என்பது என் உறுதியான கருத்து.

அங்கு நரம்பின், அதாவது மீனை இழுக்கும் தூண்டில் இழையின், வலுவைப் பவுண்டில்தான் சொல்வார்கள். 100 பவுண்டு என்பது ஏறக்குறைய 45 கிலோ. பகலில் உயிருள்ள மத்தியை இரையாக விடுவதற்கு 40 பவுண்டு நரம்பு போதும். பெரிய மீன்கள் மேயும் நாளில் 60 முதல் 80 பவுண்டுக்கு உயர்த்துங்கள். இரவில் ஜிக் எனப்படும் நீண்ட கனத்த உலோகப் போலி இரையை ஆழத்தில் இறக்குவதற்கும், பட்டத்தில் பறவைக்கோலாவைத் தொங்கவிட்டு நீர்மட்டத்தில் துள்ளவைப்பதற்கும் 100 பவுண்டுக்குக் குறையாத நரம்பு வேண்டும். நரம்பைச் சுற்றிவைக்கும் ரீலைப் பொறுத்தவரை, நெம்புகோலால் இயங்கும் டிராக்கும் (மீன் இழுக்கும்போது நரம்பை அளவோடு வழுக்கவிடும் பிடிப்பு) இரண்டு வேகக் கியரும் உள்ளதையே தேர்ந்தெடுங்கள். மீன் படகை நோக்கி வரும்போது நரம்பைத் தொய்யவிடாமல் விரைந்து சுருட்ட மேல் கியரும், அது அடியில் போய்ப் பாறையைப் போல் நின்றுவிடும்போது அங்குலம் அங்குலமாக மேலேற்றக் கீழ்க் கியரும் பயன்படும்.

ரீல் நிறையப் பின்னல் நரம்பு இருக்க வேண்டும். அது மெல்லியது என்பதால் சிறிய ரீலிலும் பல நூறு மீட்டர் அடங்கும். ஆனால் அது நீளாது, உராய்வையும் தாங்காது. ஆகவே அதன் முனையில் லீடர் எனப்படும் முனை நரம்பாகச் சில மீட்டர் ஃபுளோரோகார்பன் இழையை இணைக்க வேண்டும். அதன் ஒளிவிலகல் எண் நைலானைவிட நீருக்கு நெருக்கமானது என்பதால் மீன் கண்ணில் அவ்வளவாகப் படாது. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரைக் கட்டைவிரல் நகத்துக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே மெல்ல இழுத்துப் பாருங்கள். நகம் ஓரிடத்தில் சொரசொரவென்று தட்டினால் அதுவரை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் நனைக்க வேண்டும். ஒரு முறை அவசரத்தில் நனைக்காமல் இறுக்கிய முடிச்சால் நல்ல மீன் ஒன்றை இழந்தேன். திரும்பி வந்த நரம்பின் நுனி பன்றிவாலைப் போலச் சுருண்டிருந்தது. நரம்பு அறுபடவில்லை, முடிச்சுதான் உருவிக்கொண்டது என்பதற்கு அதுவே சான்று.

எல்லாவற்றையும்விட அக்கறையோடு செய்ய வேண்டியது டிராக்கை அளந்து வைப்பதே. கையால் இழுத்துப் பார்த்து மதிப்பிடாதீர்கள். கை பொய் சொல்லும். புறப்படுமுன் நரம்பின் முனையைச் சுருள்வில் தராசில் மாட்டி, நெம்புகோலை மீன் கடிக்கும்போது நிறுத்தும் நிலையில் வைத்து, நரம்பு வழுக்கத் தொடங்கும்போது தராசு காட்டும் எடையைப் பாருங்கள். அது நரம்பின் வலுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படக் கூடாது. 100 பவுண்டு நரம்புக்கு 30 பவுண்டு, அதாவது பதின்மூன்றரைக் கிலோ அளவில் வைக்கலாம். கூட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் நெம்புகோலை முழுவதும் தளர்த்திய பிறகே டிராக்கின் இறுக்கத்தை மாற்றும் திருகைத் திருப்ப வேண்டும்.

மூன்றில் ஒரு பங்கோடு ஏன் நிறுத்த வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. மீன் ஓட ஓட உருளையில் உள்ள நரம்பின் சுற்று சிறுத்துக்கொண்டே வருகிறது. டிராக் திருகின் பிடி மாறாவிட்டாலும், சுற்றின் விட்டம் பாதியாகும்போது நரம்பை இழுக்கத் தேவையான விசை இரு மடங்காகிறது. காலையில் 30 பவுண்டாக வைத்தது 60 ஆகிவிடும். அதோடு, கடலுக்குள் கிடக்கும் நூற்றுக்கணக்கான மீட்டர் நரம்பை நீரும் பிடித்து இழுக்கிறது, முடிச்சுகளும் நரம்பின் முழு வலுவைத் தாங்குவதில்லை. எனவே மீன் வெகுதூரம் ஓடிவிட்டதும் டிராக்கை இறுக்கத் துடிக்கும் கையை அடக்கி, சற்றுத் தளர்த்துவதே முறை. நரம்பு மீண்டும் உருளையில் நிறைந்த பிறகு பழைய நிலைக்குக் கொண்டுவரலாம்.

நுனி உள்நோக்கி வளைந்த வட்டமுள் பயன்படுத்தும்போது வெடுக்கென்று இழுக்காதீர்கள். மீன் இரையோடு ஓடுவதற்குச் சில நொடி விட்டு, நெம்புகோலை முன்னே தள்ளி, நரம்பு இறுகும்வரை சுருட்டினால் முள் தானாகவே வாயோரத்தில் பதியும். பிறகு கழியைப் படகின் பக்கவிளிம்பில் சாய்த்து அதை நெம்புகோலாக்கிக்கொள்ளுங்கள்; இல்லையேல் நூறு கிலோ மீனின் பாரம் முழுவதும் இடுப்பில் இறங்கும். இவ்வாறு சாய்த்துப் பிடித்த மீனை உலகச் சாதனையாகச் சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம் ஏற்பதில்லை. பெரும்பாலோருக்கு அது இழப்பன்று. சூரையின் தசை சுற்றியுள்ள நீரைவிட வெப்பமானது. போராட்டம் நீள நீள வெப்பமும் லாக்டிக் அமிலமும் ஏறி இறைச்சி கெடும் என்பதால், விரைவாகக் கரையேற்றுவதே மீனுக்கும் உண்பவருக்கும் நல்லது.

இறுதியில் மீன் படகுக்கடியில் வட்டமடிக்கும். அது தலையை உங்கள் பக்கம் திருப்பும் பாதி வட்டத்தில் சுருட்டுங்கள், விலகும் பாதியில் விடாமல் பிடித்திருங்கள். உதவியாளர் பெருங்கொக்கியை மாட்டியவுடன் நெம்புகோலைத் தளர்த்தி, உருளையின்மேல் கட்டைவிரலை மட்டும் வையுங்கள். கொக்கி நழுவி மீன் மீண்டும் பாய்ந்தால், அறுபடாமல் ஓடுவதற்கு நரம்பு தயாராக இருக்கும்.