புறாத்தீவில் முதல் ஸ்நோர்க்கலிங்: நிலாவெளியிலிருந்து ஒரு நாள் பயணம்

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே போனால் ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் நிலாவெளி வரும். அந்தக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் கடலுக்குள் இருக்கிறது புறாத்தீவு. ஊரில் புறாமலை என்றும் சொல்வார்கள். பாறை இடுக்குகளில் கூடு கட்டி வாழும் மாடப்புறாக்களால் வந்த பெயர். ஆங்கிலேயர் காலத்தில் துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் பயன்பட்ட இந்த இடம் 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவானது.

மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் மாட்டித் தண்ணீரின் மேல் மிதந்தபடி கீழே பார்ப்பதுதான் ஸ்நோர்க்கலிங். அதைப் பழக இலங்கையில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. முருகைக்கற்பாறை (பவளப்பாறை) கரையை ஒட்டியே இருக்கிறது, ஆழமும் குறைவு. ஆழத்துக்கு முக்குளிக்கத் தேவையில்லை. தண்ணீரின் மேல் குப்புற மிதக்கத் தெரிந்தால் போதும். ஆனால் அந்த மிதப்பைத் தீவுக்குப் போகும் முன்பே பழகிக்கொள்ள வேண்டும். இதைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள்.

படி 1: காலமும் நேரமும்

மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். நவம்பர் முதல் பெப்ரவரி வரை வாடைக் காற்று கிழக்குக் கரையைக் கொந்தளிக்க வைக்கும், தண்ணீரும் கலங்கிப்போகும். தெற்கிலும் மேற்கிலும் கடல் மோசமாக இருக்கும் மாதங்களில்தான் இங்கே கடல் அமைதியாக இருக்கும் என்பதைக் கணக்கில் வைத்துப் பயணத்தைத் திட்டமிடுங்கள்.

எந்த மாதமானாலும் விடியற்காலையிலேயே வெளிக்கிடுங்கள். காலையில் அலை குறைவு, தண்ணீர் தெளிவு, கூட்டமும் இல்லை. மதியம் நெருங்க நெருங்கக் காற்று எழும்பும். பலர் கால் வைத்து மணல் கிளம்பிவிட்டால் அப்புறம் ஒன்றும் தெரியாது. வார இறுதியையும் பள்ளி விடுமுறையையும் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

படி 2: பொருட்கள்

மாஸ்க், ஸ்நோர்க்கல் குழாய், காலில் மாட்டும் ஃபின்ஸ், லைஃப் ஜாக்கெட் எல்லாமே நிலாவெளிக் கடற்கரையில் வாடகைக்குக் கிடைக்கும். இவற்றில் மாஸ்க் மட்டும் முகத்துக்குச் சரியாகப் பொருந்தியே ஆக வேண்டும். பட்டையைத் தலையில் மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை உள்ளிழுத்துக் கையை எடுங்கள். விழாமல் ஒட்டி நின்றால் அது உங்களுக்குரியது. விழுந்தால் அடுத்ததை எடுங்கள், கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள். முடி ஓரத்தில் சிக்கினாலும் அடர்ந்த மீசை இருந்தாலும் தண்ணீர் கசியும். மீசைக்காரர்கள் மேலுதட்டில் கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்ளலாம்.

நீச்சல் கண்ணாடி இதற்குச் சரிவராது. அது மூக்கை மூடுவதில்லை என்பதால் உள்ளே காற்றை ஊதிச் சமன் செய்ய வழியில்லை. முகம் முழுவதையும் மூடும் மாஸ்க்கையும் புதியவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். உள்ளே தண்ணீர் வந்தால் சட்டென்று துப்பிவிட்டு மூச்சு வாங்க முடியாது.

வெயிலுக்கு முழுக்கை நீச்சல் சட்டை அணியுங்கள். குப்புற மிதக்கும்போது முதுகும் முழங்காலின் பின்பக்கமும்தான் கருகும். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்த சன்ஸ்கிரீன் முருகைக்கல்லுக்குக் கெடுதல் என்பதால் ஹவாய் 2021 முதல் அவற்றின் விற்பனையைத் தடை செய்திருக்கிறது. சட்டை மூடாத இடத்துக்கு மட்டும் ஜிங்க் ஆக்சைடு வகையைப் பூசினால் போதும். காலுக்கு ரப்பர் செருப்பு கட்டாயம். தீவின் கரை முழுக்க உடைந்த முருகைக்கல் துண்டுகள் கிடக்கும், வெறுங்காலில் நடக்க ஏலாது.

படி 3: இடுப்பளவு தண்ணீரில் அரை மணி நேரம்

படகு ஏறுவதற்கு முன், முந்தைய நாள் மாலையாக இருந்தால் இன்னும் நல்லது, நிலாவெளிக் கரையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பழகுங்கள். அடியில் மணல்தான். பயம் வந்தால் எழுந்து நிற்கலாம், எதுவும் உடையாது. தீவில் இந்த வசதி கிடையாது. அங்கே காலை ஊன்றினால் உயிருள்ள கல்லின் மேல்தான் ஊன்றுவீர்கள்.

முதலில் மாஸ்க்கின் உள் கண்ணாடியில் உமிழ்நீரைத் தடவி, கடல்நீரில் லேசாக அலசி மாட்டுங்கள். பனி படியாது. புது மாஸ்க் என்றால் வீட்டிலேயே பற்பசை தேய்த்துக் கழுவிக் கொண்டுவர வேண்டும், தொழிற்சாலையிலிருந்து வரும் மெல்லிய படலம் அப்போதுதான் போகும்.

அடுத்து, ஸ்நோர்க்கலின் வாய்ப்பகுதியை உதட்டுக்கும் பல்லீறுக்கும் நடுவில் வைத்து மெல்லக் கடித்து, நின்றபடியே குனிந்து முகத்தை மட்டும் தண்ணீரில் வையுங்கள். முதல் மூச்சை உள்ளே இழுக்க உடம்பு மறுக்கும். முகம் தண்ணீரில் இருக்கும்போது மூச்சை அடக்குவது இயல்பான அனிச்சைச் செயல், உங்களிடம் குறை ஒன்றுமில்லை. வெளிமூச்சை நீளமாக விடுவதில் மட்டும் கவனம் வையுங்கள், உள்மூச்சு தானாக வரும். சத்தம் கேட்கும் அளவுக்கு ஆறுதலாக மூச்சு விடுங்கள். சின்னச் சின்ன அவசர மூச்சு குழாயில் உள்ள பழைய காற்றையே திரும்பத் திரும்ப உள்ளே கொண்டுவரும். மூச்சு முட்டுவது போன்ற உணர்வு பெரும்பாலும் அதனால்தான்.

அது பழகியதும் கைகளை முன்னால் நீட்டிக் காலை மணலிலிருந்து எடுங்கள். உடம்பு மிதக்கும். தலையைத் தூக்கிப் பார்க்கத் தோன்றும். தூக்கினால் கால் கீழே போய்விடும், அதனால் பார்வை கீழ் நோக்கியே இருக்கட்டும்.

இனி இரண்டு சங்கதிகளைக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் புகுந்தால், ஒரே வீச்சில் பலமாக ஊதி வெளியேற்றுங்கள். ஊதிய பின் முதல் மூச்சை மெதுவாக இழுங்கள், மிச்சத் தண்ணீர் இருந்தால் தொண்டைக்கு வராது. மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தால், தலையைத் தண்ணீருக்கு மேலே எடுத்து, மாஸ்க்கின் கீழ் ஓரத்தை விரலால் கொஞ்சம் விலக்கினால் வடிந்துவிடும். இவை இரண்டையும் வேண்டுமென்றே தண்ணீர் புகவிட்டுச் செய்து பாருங்கள். கை தானாகச் செய்யும் வரை திரும்பத் திரும்பச் செய்தவருக்குத் தீவில் பதற்றம் வராது.

கடைசியாக ஃபின்ஸ். முழங்காலை மடக்கி உதைக்காமல், இடுப்பிலிருந்து காலை நீட்டியபடி மெல்ல அசைத்தால் போதும்.

நீச்சலே தெரியாதவர் லைஃப் ஜாக்கெட் போட்டு, நீந்தத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் இறங்கலாம். இதய நோய், வலிப்பு, ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

படி 4: டிக்கெட்டும் படகும்

வனசீவராசிகள் திணைக்களத்தின் டிக்கெட் கரையிலேயே கிடைக்கும். உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறு, படகுக்குத் தனிக் காசு. எல்லாம் சேர்த்து எவ்வளவு, எத்தனை மணிக்குத் திரும்ப அழைத்து வருவார்கள் என்று படகுக்கார அண்ணாவிடம் முன்கூட்டியே கதைத்து முடித்துவிடுங்கள். தீவில் கடை கிடையாது. குடிநீரையும் கொஞ்சம் சாப்பாட்டையும் கொண்டுபோய், குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள். படகுப் பயணம் சில நிமிடங்கள்தான்.

படி 5: தண்ணீரில் இறங்குவது

இறங்கியதும் ஓடிப்போய்க் குதிக்காதீர்கள். ஐந்து நிமிடம் கரையில் நின்று மற்றவர்கள் எந்தப் பக்கம் இழுபடுகிறார்கள் என்று பாருங்கள். நீரோட்டம் இருந்தால் முதலில் அதற்கு எதிராக நீந்திப் போங்கள், களைத்துத் திரும்பும்போது அதுவே உங்களைக் கொண்டுவந்து விடும். மணல் உள்ள இடத்தில் இறங்கி, முழங்காலளவு வந்ததும் படுத்துவிடுங்கள். நடந்து உள்ளே போக வேண்டாம். வயிறு உரசும் அளவுக்கு ஆழம் குறைந்தால் வந்த வழியே திரும்புங்கள்.

இரண்டு பேராகவே இருங்கள். சில நிமிடங்களுக்கு ஒரு முறை தலையைத் தூக்கிக் கரை எங்கே, துணை எங்கே என்று பாருங்கள். கீழே இருக்கும் அழகில் தூரம் போனதே தெரியாது. மூச்சைப் பிடித்துக் கீழே இறங்கிப் பார்க்க ஆசைப்படுபவர்கள், அதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்கக் கூடாது. மூச்சு முட்டும் உணர்வே வராமல் தண்ணீருக்குள் மயங்க வாய்ப்பு உண்டு.

படி 6: எதைப் பார்ப்பது

தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். மீன் பெரிதாகத் தெரிந்தால் பதறாதீர்கள்.

ஓர் இடத்தில் அசையாமல் மிதந்து கீழே இருக்கும் கல்லைப் பாருங்கள். மான்கொம்பு வகையில் கிளை பழுப்பாகவும் நுனி மட்டும் வெள்ளையாகவும் இருந்தால் அது வளர்ந்துகொண்டிருக்கிறது. நுனியில் புதிதாக உருவாகும் இடத்துக்கு, நிறம் தரும் நுண்பாசி இன்னும் வந்து சேரவில்லை. கிளை முழுவதும் வெளேரென்று இருந்தால் அது பெரும்பாலும் வெப்பத்தில் வெளிறியது. முருகைக்கல்லைக் கட்டுவது பாலிப் என்ற சிற்றுயிர். அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் நிறத்தையும் பெரும்பங்கு உணவையும் தருகிறது. கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தாலே பாலிப் அந்தப் பாசியை வெளியேற்றிவிடும். 1998இல் தென்மேற்குக் கரையில் உள்ள ஹிக்கடுவைப் பக்கத்துப் பாறைகள் அப்படித்தான் பெருமளவில் அழிந்தன. திருகோணமலைப் பக்கம் அந்த முறை பெரும்பாலும் தப்பியது. இன்று நாம் இங்கே மிதந்து பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பழுப்புப் பச்சைப் பாசி மூடிக் கிடக்கும் துண்டுகள் இறந்தவை. மூன்றையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாறையின் உடல்நிலை உங்களுக்கே புரியும்.

காதைக் கொடுங்கள். கறக் கறக் என்று ஒரு சத்தம் வரும். கிளிமீன் தன் அலகால் பாறையைச் சுரண்டிப் பாசி தின்னும் சத்தம் அது. விழுங்கிய கல்லை அது மணலாக வெளியேற்றும். கொஞ்ச நேரம் பின்னாலேயே பார்த்திருந்தால், வெள்ளையாக ஒரு புகை மாதிரி விழுவதைக் காணலாம். வெப்ப மண்டலக் கரைகளின் வெண்மணலில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான்.

சுறா பார்க்க ஆசையென்றால் கூட்டம் கூடுவதற்கு முன் பாறைகள் நிறைந்த பக்கத்தை எட்டிப்பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் அன்று நல்லது என்று படகுக்காரர்தான் சரியாகச் சொல்வார். முதுகுத் துடுப்பின் நுனியை மையில் தொட்டெடுத்தது போல் கறுப்பாக வைத்திருக்கும் சுறா இது. ஒன்றரை மீட்டர் அளவில் வளரும், கூச்ச சுபாவம். துரத்தினால் ஒரு நொடியில் மறைந்துவிடும், அசையாமல் இருந்தால் அதுவே சுற்றி வரும்.

அழுங்காமையும் பச்சை ஆமையும் வரும். அழுங்காமையின் கூர்மூக்கு பாறை இடுக்கில் உள்ள கடற்பஞ்சைக் கொத்தித் தின்னத் தோதானது. மூன்று மீட்டராவது தள்ளியே இருங்கள். அது மூச்சு வாங்க மேலே வரும்போது வழியில் நிற்காதீர்கள்.

படி 7: எவற்றை விட்டு விலகுவது

கையை மார்பில் கட்டிக்கொள்வது நல்ல பழக்கம். எதையும் தொடத் தோன்றாது. நீளக் கறுப்பு முள்ளோடு இடுக்கில் இருக்கும் கடல் முள்ளெலி, சிங்கமீன், கல்லோடு கல்லாகக் கிடக்கும் கல்மீன், சங்கு வடிவில் அழகாக இருக்கும் கூம்பு நத்தை, எல்லாமே குத்தக்கூடியவை. மீன் முள் குத்தினால் பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில் அந்த இடத்தை வைத்து, தாமதிக்காமல் திருகோணமலை மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பெரிய கிளாத்தி மீன் முட்டையைக் காவல் காக்கும் நாட்களில் ஆளைத் துரத்தும். அதன் எல்லை கூட்டிலிருந்து மேல் நோக்கி விரிந்துகொண்டே போகும் என்பதால், மேலே எழும்பாமல் பக்கவாட்டில் விலகி நீந்துங்கள்.

கரையில் கிடக்கும் முருகைக்கல் துண்டையோ சங்கையோ எடுத்து வருவது தேசியப் பூங்காவில் குற்றம். குழந்தைகளிடம் இதைப் படகு ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்.

படி 8: வெளியே வருவது

குளிர் எடுத்தாலோ கெண்டைக்கால் பிடித்தாலோ அப்போதே கரைக்கு வந்துவிடுங்கள். காலில் பிடிப்பு வந்தால் மல்லாந்து மிதந்து, ஃபின்ஸின் நுனியைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தால் தளரும். உதவி வேண்டுமென்றால் ஒரு கையை உயர்த்தி அசையுங்கள்.

திரும்பி வந்ததும் சொந்த மாஸ்க்கை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள், வெயிலில் சிலிக்கான் இறுகிவிடும். கல்லில் உரசிய சிராய்ப்பு இருந்தால் அன்றே சோப்பும் நல்ல தண்ணீரும் போட்டு நன்றாகக் கழுவுங்கள். உள்ளே தங்கும் நுண்துகளால் முருகைக்கல் காயம் எளிதில் சீழ் வைக்கும். இரண்டு நாளில் சிவந்து வீங்கினால் மருத்துவரைப் பாருங்கள்.